பைப்பில் எல்விஎம்3: மூக்கு கோணாமல் வர என்ன செய்வது?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எல்விஎம்3 ராக்கெட் மாடலுக்கு மூக்குப் பகுதியைக் கையால் தேய்த்தால் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. லேத் (கடைசல் இயந்திரம்) இல்லாமல் எப்படி?"

நல்ல கேள்வி. முதலில் அளவு. சந்திரயான்-3ஐக் கொண்டுபோன இந்த ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். நூற்றில் ஒன்றாகக் குறைத்தால் நம் பிளம்பிங் கடை பைப்பே அப்படியே பொருந்தும். நடு உடலின் விட்டம் 4 மீட்டர், அதற்கு 40 மில்லி பைப். பக்கத்தில் ஒட்டி நிற்கும் எஸ்200 பூஸ்டர்கள் இரண்டும் 3.2 மீட்டர், அதற்கு 32 மில்லி. தலைப்பகுதி 5 மீட்டர், அதற்கு 50 மில்லி. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

மூக்கை ஒரே கட்டையில் செதுக்காதீர்கள். மூக்கை இதே நூற்றில் ஒரு பங்கு அளவில் படமாக வரைந்து, அதில் 5 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அகலத்தை அளந்து, அந்த அளவுக்கு 5 மில்லி பிவிசி ஃபோம் ஷீட்டில் வட்டங்கள் வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு, சைக்கிள் ஸ்போக்கில் கோத்து, பைப் ஒட்டும் பசையை மெல்லத் தடவி அடுக்குங்கள். ஒரு இரவு காயட்டும்.

இப்போது படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் கறுப்பு மார்க்கரால் சுற்றிக் கோடு போடுங்கள். சரியான வளைவு அந்த மூலைகள் வழியாகத்தான் போகிறது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு மெலியும். முடி அளவு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். எங்காவது கோடே அழிந்துவிட்டால் அந்தப் பக்கம் அதிகம் போய்விட்டது என்று அர்த்தம், பட்டி வைத்து ஏற்றுங்கள். அடிக்கடி நுனியிலிருந்து நேராகப் பாருங்கள். ஊருணியில் கல் போட்டால் வரும் வளையம் போல, கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்க வேண்டும். உங்கள் கோணல் அங்கே பளிச்சென்று தெரியும்.

எஸ்200 மூக்குகள் சாய்வானவை. இரண்டையும் ஒரே மாதிரி செய்தால் போதும், ஒட்டும்போது ஒன்றை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

அப்புறம் நம் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) போடும்போது உப்பான போர் தண்ணீர் வேண்டாம். என் முதல் மாடலில் உப்பு உள்ளேயே தங்கி, பெயின்ட் ஒரே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. குடிக்கிற குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.