வால் கூண்டை நோக்கி ஒரு சல்யூட்

நேயர்களுக்கு என் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில், பறக்கும் நிலையில் உலகில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று, கனடாவின் ஹாமில்டன் நகரத்து அருங்காட்சியகத்தில், ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற துப்பாக்கி வீரரின் நினைவாகப் பராமரிக்கப்படுகிறது. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர் அவர்.

1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கி ஆறே நாட்களில், வட பிரான்சின் கம்ப்ரே ரயில் நிலையத்தைத் தகர்க்க இங்கிலாந்திலிருந்து கிளம்பிய லங்காஸ்டரில் ஏழு பேர் இருந்தார்கள். நள்ளிரவு தாண்டி, ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று சுட்டதில் இடப்பக்க இஞ்சின்கள் இரண்டும் நின்றன. விமானத்தின் வயிற்றுக்குள்ளும் தீ பரவியது. எல்லோரும் குதிக்கலாம் என்று விமானி உத்தரவிட்டார். துப்பாக்கி வீரர் உட்கார்ந்து சுடும் சுழல் கூண்டுகள் விமானத்தின் முதுகிலும் வாலிலும் உண்டு. முதுகுப்புறக் கூண்டிலிருந்து இறங்கிக் கதவுவரை வந்துவிட்ட மைனார்ஸ்கி, வால் கூண்டில் நண்பர் பேட் பிரோஃபி அகப்பட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார்.

இந்த வால் கூண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்; நீங்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போய் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால், கதவைத் திறந்தாலும் எதிரே சுவர்தானே இருக்கும்? வால் கூண்டின் நிலைமையும் அதேதான். அதைச் சுழற்றும் எண்ணெய் அழுத்தம் இஞ்சினிலிருந்து வருவது. இஞ்சின் நின்றால் கூண்டும் கோணலாக நின்றுவிடும், கதவு விமானத்தின் உட்புறத்தோடு பொருந்தாது. கையால் சுழற்றும் பிடியும் அன்று முறிந்துபோனது. பாராசூட்டை உடன் வைத்துக்கொள்ளக்கூட அந்தக் கூண்டில் இடம் கிடையாது.

மைனார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் நெம்பினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. போய்விடு என்று பிரோஃபி சைகை காட்டினார். முகத்தைத் திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்த மைனார்ஸ்கி, கதவருகே எரியும் உடையோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். இரவில் பிரியும்போது வேடிக்கையாகச் சல்யூட் அடித்து "குட் நைட், சர்" என்பது அவர் வழக்கமாம். அன்றும் அந்த உதடுகள் அசைந்ததாகப் பிரோஃபி பின்னாளில் சொன்னார்.

கவனியுங்கள், அவர் முயற்சி பலிக்கவில்லை. பலிக்காத அந்த முயற்சிக்குத்தான் 1946இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தரையில் அவரைக் கண்டெடுத்த பிரெஞ்சு மக்களாலும் காப்பாற்ற முடியவில்லை, தீக்காயங்களால் இறந்தார். பிரோஃபியோ, விமானம் மோதிய வேகத்தில் கூண்டிலிருந்து வெளியே தெறித்து விழுந்து உயிர் பிழைத்தார். அவர் பிழைத்திராவிட்டால், அந்தத் தீக்குள் நடந்ததைச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

நேரம் முடிந்துவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவு இழந்த 55,573 பேரைப் பற்றிப் பேச எடுத்துவைத்த தாள்கள் அப்படியே இருக்கின்றன. மைனார்ஸ்கியோடு அந்த லங்காஸ்டரில் போன மற்ற ஆறு பேரும் உயிர் தப்பினார்கள். மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சின் மெஹாரிகூர் என்ற சிற்றூரில் இருக்கிறது.