பொட்டென்று அணையும் கம்ப்யூட்டர்: போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்க

வணக்கமுங்க. பொள்ளாச்சி சந்தை வீடியோ எங்கே என்று கமென்ட்டில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எடிட்டிங் எல்லாம் முடிந்து தயாராகத்தான் இருந்தது. ஆனால் எக்ஸ்போர்ட் கொடுத்தால், அதாவது எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக மாற்றச் சொன்னால், பாதியில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது, கரண்ட் போனால் எப்படியோ அப்படி. இப்போது சரியாகிவிட்டது. ஆனால் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பேர் வேண்டாம். பெட்டியைத் திறக்கவே இல்லைங்க. "மதர்போர்டு போயிருச்சு, புரொசசரோட சேர்த்து மாத்திக்கலாம்" என்று 18,500 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஸ்க்ரூ கழற்றாமல் 18,500! தறி ஓட்டுகிறவர்களுக்கு அது எத்தனை வாரக் கூலி என்று எண்ணிப் பாருங்க. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத இன்னொரு வைத்தியம், ஃபார்மேட். எது வந்தாலும் "விண்டோஸ் மாத்திடலாம்" என்பார்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்க. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே போர்டு காட்டுகிற செட்டிங்ஸ் திரைக்குள், போய் அப்படியே விட்டுவிடுங்க. சில போர்டில் எஃப்2. அங்கே விண்டோஸே ஓடாது. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. எனக்கு அங்கே அணையவில்லை, ஆனால் சிபியு (புரொசசர்) வெப்பம் என்று ஒரு வரி இருக்கும் பாருங்க, அது ஏறிக்கொண்டே போய் 80 டிகிரியைத் தாண்டியது. எந்த வேலையும் பார்க்காமல் சும்மா நிற்கிற புரொசசருக்கு 80 ரொம்ப ரொம்ப அதிகம்.

அட, யூபிஎஸ் விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பேட்டரி செத்த யூபிஎஸ்ஸும் இதே வேலையைக் காட்டும். வோல்டேஜ் ஒரு நொடி இறங்கினால் பேட்டரிக்கு மாறும், பேட்டரி தாங்காது, எல்லாம் போய்விடும். எனக்கு கம்ப்யூட்டர் அணையும்போது யூபிஎஸ் விளக்கும் மானிட்டர் விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. சந்தேகத்துக்கு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியும் பார்த்தேன், அப்போதும் அணைந்தது. ஆகவே யூபிஎஸ் நல்லவர்.

விண்டோஸில் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கிற ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்லாது. பவர் என்ற பேரைப் பார்த்து உடனே எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை) வாங்கப் போகிறவர்கள் நிறைய.

சரி, அடுத்து வெப்பத்தைக் காட்டுகிற ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 92, 96, 99, 100. என்னுடையது இன்டெல் ஐ5 8400 புரொசசர், அதற்கு 100 டிகிரிதான் எல்லை. முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் கருகாமல் இருக்க மொத்தமாக நிறுத்திவிடும். அதாவது கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது!

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புரொசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்குகிற கூலரின் ஃபேனை எடுத்தால், அடியில் பவானி ஜமுக்காளத்தை மடித்து வைத்த மாதிரி பஞ்சு. எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். சாதாரணத் தூசி என்றால் ஊதினால் பறக்கும். பஞ்சு பின்னிக்கொண்டு கூலரின் தகடுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்கிறது, காற்று உள்ளேயே போகாது. பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி ஆட்கள் எல்லோரும் இன்றைக்கே திறந்து பாருங்க.

குடோனில் இருக்கிற கம்ப்ரசரில் அடிக்காதீங்க. அதில் தண்ணீர் கலந்து வரும், வேகமும் அதிகம். பிரஷ், ஊதுகிற பிளோயர் போதும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, கண்டபடி சுற்றினால் பேரிங் போகும்.

இனி கூலரைப் போர்டில் மாட்டுகிற அந்த நாலு பிளாஸ்டிக் பின். இன்டெல் பெட்டியோடு கொடுக்கிற கூலரின் பின்னை வடிவமைத்தவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். மூன்று உட்காரும், நாலாவது உட்கார்ந்த மாதிரி இருக்கும், கையை எடுத்தால் எழுந்துவிடும். வழி என்னவென்றால், நாலையும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். போர்டின் அடியில் நாலு கறுப்பு முனையும் வெளியே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. கடைசி 'டக்' கேட்டபோது நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்!

கூலரை மாட்டுவதற்கு முன்னால் பேஸ்ட், புரொசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பசை. பழையது காய்ந்து பொருக்காக இருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, புரொசசர் நடுவில் புதிதாக ஒரு சொட்டு வைத்தால் போதும். பேஸ்ட்டைக் காந்திபுரத்தில் 280 ரூபாய்க்கு வாங்கினேன். ஆல்கஹால் 120. ஆக மொத்தம் 400. அங்கே 18,500, இங்கே 400!

இப்போது சும்மா இருந்தால் 41, எக்ஸ்போர்ட்டில் 72. சந்தை வீடியோ ஒரே மூச்சில் முடிந்தது, நாளைக்குக் காலையில் போடுகிறேன்.

இவ்வளவு செய்தும் அணைந்தால், அதுவும் சும்மா இருக்கும்போதே அணைந்தால், அப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்க. தெரிந்தவரிடம் வேறொன்று வாங்கி மாட்டிப் பார்க்கலாம். அதை மட்டும் வீட்டில் பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

ஆ, கேபினட் தரையில் இருந்ததல்லவா, அதை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டேன், பஞ்சு தரையில்தான் அதிகம் புரள்கிறது. உங்கள் வெப்பம் எவ்வளவு காட்டுகிறது என்று கீழே எழுதுங்க. எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதினால், தறி ஊருக்கும் மற்ற ஊருக்கும் ஒப்பிட்டு ஒரு வீடியோ போட ஆசை. வரட்டுங்களா.