முதலில் தெரிந்தவர் மேல் பழி

(திருச்செங்கோடு பக்கம் மகளிர் குழுக்களின் கூட்டத்தில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அக்கா, தங்கச்சி, அம்மணிகள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

பால்வினை நோய்ப் பரிசோதனை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். நன்றாகச் சிரியுங்கள். எழுந்து போகாமல் இருந்தால் சரி.

நாமக்கல் என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் போர்வெல் போடும் ரிக் வண்டி. போர் போடப் போனால் வடக்கே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். போனவரெல்லாம் தப்பு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. உள்ளூரைத் தாண்டாதவருக்கும் இந்த நோய்கள் வருகின்றன. நான் கேட்பது வேறு. ஒரு வீட்டில் முதலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது யார்?

பெண்தான். கர்ப்பம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்ததும் சர்க்கரை, ஹீமோகுளோபினோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் என்ற இரண்டு பால்வினை நோய்களையும் பார்க்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. சிகிச்சையே இல்லாவிட்டால் எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு; முறையாக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆரம்பநிலை சிபிலிஸ் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும்.

ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். நோய் இருப்பது யாருக்கு முதலில் தெரிந்ததோ அவளே அதைக் கொண்டுவந்தவள் ஆகிவிடுகிறாள். கணவர் ரத்தமே கொடுத்திருக்க மாட்டார். அவருக்கு இருப்பது யாருக்கும் தெரியாது, அதனால் அவர் மேல் பேச்சே வராது. மாமியார் இவளுக்கு டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார். டம்ளரில் எச்.ஐ.வி. பரவாது என்பது அந்த அம்மாவுக்கும் டிவி பார்த்துத் தெரியும். தெரிந்தும் வைப்பார். கொஞ்ச நாளில் 'பொறந்த ஊட்டுக்குப் போயிட்டு வா' என்பார்கள். அந்த 'வா' சும்மா ஒப்புக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்ப்பிணிகள் வரிசையில் கையை நீட்டக் கூச்சப்படுகிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் எடுக்கிறார்கள், எனக்கும் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதே பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு ஒரு ஆண் வருவதைப் பார்க்க வேண்டுமே! வாசலில் போன் பேசுகிற மாதிரி நிற்பார். பலகையைப் படிக்காத மாதிரி படிப்பார். தெரிந்த முகம் வந்தால் 'துணைக்கு வந்தேனுங்' என்று நழுவிவிடுவார். ஈரோட்டுக்காரர் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவார், சங்ககிரிக்காரர் சேலத்துக்கு. ஊசிக்கு யாரும் பயப்படவில்லை. காசும் கிடையாது, இலவசம். யார் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பயம். உள்ளே வந்தால் கதவைச் சாத்திப் பேசுகிறோம், சம்மதம் கேட்டே ரத்தம் எடுக்கிறோம், முடிவை அவரிடம் மட்டும் சொல்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது.

அப்புறம், சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்ததும் மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள். எரிச்சல் நின்றுவிடும், நோய் நிற்காது. அவரிடமிருந்து மனைவிக்கும் போகும். வெட்டை நோய், கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. உள்ளுக்குள்ளேயே இருந்து கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். பிறகு நேர்த்திக்கடன், கருத்தரிப்பு மையம் என்று வருடக்கணக்கில் அலைச்சல். அப்போதும் மலடி என்ற பேச்சு யார் மேல் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாகச் சில பையன்கள் உண்டு. எங்கோ ஒருமுறை தவறியிருப்பான். மூன்று மாதம் கழித்தும் 'இல்லை' என்றே வந்திருக்கும். ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி வந்து உட்காருவான். அவனை உறுத்துவது மனசு. அதை ரத்தத்தில் தேடுகிறான். அவனிடம் அரை மணி நேரம் பேசினால் போதும், ட்யூபை எடுக்கவே வேண்டியதில்லை.

ஒரு அக்கா கேட்கிறார்: 'எங்க ஊட்டுக்காரர் வரமாட்டேங்கிறாரே, என்ன பண்றதுங்க?' பால்வினை நோய் என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டைதான் வரும். மருமகளோ மகளோ கர்ப்பம் பதியப் போகும்போது அவள் கணவனையும் கூடவே அனுப்புங்கள். சர்க்கரை, பிரஷரோடு இதையும் பார்த்துக்கொள்ளட்டும். தனியாகக் கேட்க ஏதாவது இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு போன் போடுங்கள், காசில்லை. சிகிச்சை என்று வந்தால் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றிக்கொள்ளும்.