அடகுச் சீட்டும் மருந்துச் சீட்டும்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சில் வந்த தடுமாற்றங்களை மட்டும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

'குடும்பச் செல்வமும் மருத்துவமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்தியவன் என்பதால் கரும்பலகையும் வரைபடமும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து தொடங்குகிறேன். பல வீடுகளில் பீரோவுக்குள், புடவைக்கு அடியில் அது இருக்கும். உள்ளே ரேஷன் கார்டு, ஸ்கேன் படம், டாக்டர் எழுதிய சீட்டு, அடகுக் கடைச் சீட்டு. மருந்துச் சீட்டும் அடகுச் சீட்டும் ஒரே கவருக்குள் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. பல வீடுகளில் இரண்டிலும் ஒரே வாரத்துத் தேதிதான் இருக்கும்.

ஒரு வீடு ஏழையா வசதியா என்பதை அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. அதில் வீட்டு வசதியை அளக்க மாச வருமானத்தை எடுத்துக்கொள்வதில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது. ஒரு கொத்தனாருக்கு இந்த மாசம் இருபது நாள் வேலை, அடுத்த மாசம் ஆறு நாள். அவர் எதைச் சொல்வார்? அதனால் பொருள்களைக் கேட்கிறார்கள். கட்டில் இருக்கிறதா, மெத்தை இருக்கிறதா, பிரஷர் குக்கர், மின்விசிறி, தையல் மெஷின், ஃபிரிட்ஜ், சைக்கிள், பைக், மாட்டு வண்டி, தண்ணீர் பம்பு. தரை மண்ணா சிமெண்டா, கழிப்பறை எப்படி, குடிநீர் எங்கிருந்து. இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு, மக்களை இருபது இருபது சதவீதமாக ஐந்து அடுக்காகப் பிரிக்கிறார்கள். வருமானக் கணக்கே இல்லாமல் ஏழை பணக்காரனைப் பிரித்துவிடலாம் என்பதை 2001இல் டியான் ஃபில்மர், லாண்ட் பிரிட்செட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டதும் நம் நாட்டு ஆய்வுத் தரவைத்தான்.

நல்ல முறை. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். அதில் தங்கம் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் அறிமுகமில்லாத ஒருவரிடம் 'எங்க வீட்டில் ஏழு பவுன் இருக்கு' என்று யாராவது சொல்வார்களா? ஆனால் நெஞ்சு வலி என்று நடுராத்திரி ஆட்டோ ஏறும்போது கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவது குக்கரும் கட்டிலும் இல்லை, அந்த ஏழு பவுன்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. வசதியானவர் நோய்க்குச் சம்பளத்திலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ செலவு செய்கிறார். இல்லாதவர் சொத்திலிருந்து செலவு செய்கிறார்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு பேருக்கும் ஒரே அறுவை சிகிச்சை, செலவும் ஒரே மாதிரி, ஒரு லட்ச ரூபாய். முதல் ஆளுக்குக் காப்பீடு இருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருந்தால், அந்தக் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வருஷம் 25,000 ரூபாய் வரை வரிக்கழிவும் உண்டு. இரண்டாவது ஆள் நகையை அடகு வைத்து இரண்டு வட்டிக்கு வாங்குகிறார். நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய், அதாவது மாசம் 2,000. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 72,000. அசல் அப்படியே நிற்கிறது. ஆக ஒரே அறுவை சிகிச்சைக்கு ஏழை கட்டும் விலை அதிகம். இதற்கு நடுவில் நகை மூழ்கிப்போனால் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததும் போயிற்று. நோய் வந்தது அப்பாவுக்கு, செலவு எழுதப்பட்டது மகள் பேரில்.

கொரோனா வந்த வருஷம், 2020 ஆகஸ்டில், நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்று இருந்ததை வங்கிகளுக்கு மட்டும் 90 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அடுத்த மார்ச் வரைக்கும். வீடுகளில் கடைசியாக என்ன மிச்சம் இருக்கும் என்பது மும்பையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

'ஏன் சார், ஜி.எச். இலவசம்தானே?' முன்வரிசை ஐயா கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிகிறது. நியாயமான கேள்வி. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, ஒருமுறை படுக்கையில் சேர்ந்தால் ஆகும் மருத்துவச் செலவு, பிரசவத்தைச் சேர்க்காமல், அரசு மருத்துவமனையில் சராசரி 4,452 ரூபாய். தனியாரில் 31,845. ஏழு மடங்கு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து போடும் பங்கும் 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 என்று அரசின் கணக்கு சொல்கிறது. இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் மருந்து வாங்கித் தர 1994இல் தனியாக ஒரு கழகமே தொடங்கினோம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை தட்டுப்பாடு என்ற பேச்சு பெரிய அளவில் குறைந்ததற்கு அது முக்கியக் காரணம்.

ஆனால் அந்த 4,452இல் பஸ் டிக்கெட் கிடையாது. கூட இருப்பவரின் சாப்பாடு கிடையாது. கூட இருப்பவர் இழந்த கூலி கிடையவே கிடையாது.

எங்கள் தெருவில் ஒருவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. அவர் மனைவி கட்டட வேலை. செவ்வாயும் வெள்ளியும் அவரைக் கூட்டிப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வராத ஆளை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வார்? முதலில் வேலை போயிற்று. அப்புறம் தோடு. அப்புறம் வாசலில் நின்ற பசு. இலவச சிகிச்சை தொடங்கி ஒன்றரை வருஷத்தில் அந்த வீடு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர்கள் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அட, எதைச் சொன்னாலும் தங்கம் வந்துவிடுகிறது.

சொத்து செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்த நாளில் டாக்டரிடம் போவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. காலில் ஒரு சின்னப் புண். சர்க்கரை இருக்கிறது. பேங்கில் வேலை பார்ப்பவர் அன்று சாயங்காலமே காட்டிவிடுவார். கூலிக்குப் போகிறவர் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை சம்பளம் வரட்டும் என்பார். அப்புறம் அடுத்த சனிக்கிழமை. விரல் கறுத்த பிறகு வருவார். விரலை இலவசமாக எடுத்துவிடுவார்கள்.

அதனால்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மதிக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு முன்பும் இலவசம்தான். இந்தத் திட்டம் மிச்சப்படுத்துவது மாத்திரையின் விலையை இல்லை, வரிசையில் நிற்கும் அரை நாள் கூலியை. கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

பிரசவத்தில் நாம் ஜெயித்ததும் இதே வழியில்தான். 2005-06இல் நாடு முழுவதும் பார்த்தால், கடைசி அடுக்குப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பிரசவம்தான் மருத்துவமனையில் நடந்தது. மேல் அடுக்கில் சுமார் 84. 2019-21இல் நாட்டின் மொத்தக் கணக்கே 88.6 சதவீதம். மருத்துவமனைகளும் 108 வண்டியும் பெருகின, அதோடு பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் கையிலேயே பணமும் கொடுத்தார்கள். இங்கே முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987லிருந்து உதவித் தொகை இருக்கிறது. காசநோய்க்காரர்களுக்கும் 2018லிருந்து மாசம் 500 ரூபாய், இப்போது 1,000, சத்துணவுக்கென்று கொடுக்கிறார்கள். அப்படியானால் டயாலிசிஸுக்கு வருபவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் என்ன? மெஷினுக்கும் மருந்துக்கும் ஆகிற செலவுக்குப் பக்கத்தில் அது சின்னத் தொகை.

பெண்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒன்று. முதலில் சொன்ன குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் தனியாகக் கேட்பார்கள்: உனக்கு உடம்பு சரியில்லாமல் டாக்டரிடம் போக எது தடை? அனுமதி கிடைப்பதா, பணமா, தூரமா, வண்டியா, கூட வர ஆள் இல்லாததா? வீட்டு நகை உங்கள் கழுத்தில் இருக்கிறது, ஆனால் உங்கள் இடுப்பு வலிக்காக அதை யாராவது அடகு வைத்திருக்கிறார்களா? இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. நீங்கள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறது.

பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸாம். "நீங்க பஸ் செலவைச் சொன்னீங்க சார். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு மட்டும்தான். ஆனா அது பாதி தூரம் வரைக்கும்தான் போகும். அங்கே இறங்கி வேற பஸ் மாறணும், அதில் ரெண்டு பேருக்கும் டிக்கெட்." காதைப் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.