டோக்கியோவின் மஞ்சள் நவம்பர்

எல்லோருக்கும் வணக்கம்.

டோக்கியோவில் இலையுதிர் காலம் பார்க்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் மெய்ஜி ஜிங்கு காயென் சாலைக்குத்தான் வழி சொல்வார்கள். சுமார் 300 மீட்டர் நீளத்துக்குக் கிங்கோ மரங்கள் வரிசைகட்டி நிற்கும். நவம்பர் கடைசியில் அவ்வளவும் மஞ்சள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் செல்ஃபிக் கூட்டத்தில் மரத்தை எங்கே பார்ப்பது? ஷின்ஜுகு கியோயென் பூங்கா பரவாயில்லை. 58 ஹெக்டேர், கால் போன போக்கில் நடக்கலாம். அங்கே மேப்பிளும் சிவந்திருக்கும். இலையில் பச்சையம் சிதையும்போது, ஏற்கனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, உதிரப்போகிற நேரத்தில் மேப்பிள் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1684 இல் ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சியில் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. 1722 இல் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றை இதற்குள்ளேயே கட்டினார்கள்; அதன் கிணறு இன்றும் இருக்கிறது. இப்போது தோட்டம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கையில்.

அங்கே ஒரு பெரிய பெண் கிங்கோ மரம் உண்டு. கீழே கிடக்கும் இலையை எடுத்துப் பாருங்கள். விசிறி வடிவம். அரச இலையில் இருப்பதுபோல நடுநரம்பு கிடையாது; காம்பில் கிளம்பும் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே விளிம்புவரை ஓடும். இந்த மரத்தின் விதைகளை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஹிராசே சகுகோரோ 1896 இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கிங்கோவின் ஆண் உயிரணு நீந்திப் போய் முட்டையைச் சேர்கிறது! பாசியும் பெரணியும் செய்கிற வேலை அது. விதை விடும் மரத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வசந்தத்தில் வந்து சேர்ந்த மகரந்தம் செப்டம்பர் வரை காத்திருந்துதான் கருவுறச் செய்கிறது. அத்தனை மாதமும் விதையை வெட்டி வெட்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார் மனிதர்.

இத்தனைக்கும் அவர் பேராசிரியர் இல்லை. படம் வரையும் வேலைக்கு வந்தவர். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தை விட்டு ஹிகோனே ஊரில் பள்ளி ஆசிரியராகிவிட்டார். பனை போலத் தோன்றும் சைகஸ் மரத்தில் இதையே கண்ட இகெனோ செய்இச்சிரோவோடு சேர்த்து 1912 இல் ஜப்பான் அகாதெமியின் பேரரசர் பரிசு அவருக்கு வந்தது. பதினாறு வருஷம் கழித்து!

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பெண் மரத்தடியில் விதைகள் விழுந்து நசுங்கிக் கிடக்கும். மேல்சதை அழுகிய வெண்ணெய் நாற்றம் அடிக்கும். கையில் பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும். அதற்காக ஜப்பானியர்கள் விட்டுவிடுகிறார்களா என்ன? சதையைக் கழுவி எடுத்து, உள்ளே இருக்கும் பருப்பை உப்புப் போட்டு வறுத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே போகிறவர்கள் பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பூங்காவுக்கு விடுமுறை.