வளவுப் பனையைத் தறிப்பதற்கு முன்

(காட்சி: மழை இருட்டு. ஓட்டு வீட்டின் பக்கம் சாய்ந்து நிற்கும் ஒரு பனை.)

மாரி தொடங்கினால் இலங்கையின் வடக்கே வன்னியில் பல வீடுகளில் இதே பேச்சுத்தான்: "இந்தப் பனை வீட்டுக்கு மேல விழப்போகுது, தறிச்சு விடுவம்." காணி உங்களுடையதுதான். ஆனாலும் கோடரி எடுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். அது ஆண்பனையா, பெண்பனையா?

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் என்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. எல்லாமே அரிசி இல்லாத நாளில் வயிற்றை நிரப்புகிற மரங்கள். ஒரு பெண்பனை போனால் நுங்கு, பனாட்டு, கிழங்கு, ஒடியல் எல்லாம் அதோடு போய்விடும். பதிலுக்கு ஒரு விதை ஊன்றலாம்தான். ஆனால் அது பூக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை வடலியை, அதாவது இளம் பனையை, பார்த்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்கு எத்தனை பனைகளைத் தறித்தோம்! மிஞ்சி நிற்பவற்றில் கைவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

(காட்சி: பிரதேச செயலக வாசல்.)

சரி, தறித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். அவர் மரத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார், அனுமதி தருபவர் பிரதேச செயலாளர். காணிப் பத்திரத்தையும் கொண்டு போங்கள். எங்கள் பக்கம் பலரிடம் இருப்பது சொந்தக் காணிக்கான உறுதிப்பத்திரம் அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கிடைத்த பெர்மிட் (அனுமதிப்பத்திரம்). அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பெர்மிட் காணிக்கு நிபந்தனைகள் உண்டு.

காணிக்குள் வன எல்லைக்கல் நிற்கிறதா? அப்படியென்றால் மரத்தைத் தொடவேண்டாம், காணிப் பிரச்சினையை முதலில் தீருங்கள். அரசு ஒதுக்கிய காட்டில் ஒரு பாலை மரத்தை வெட்டினாலும் அது 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். மரம் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் பறிமுதலாகலாம்.

(காட்சி: வீதிச் சோதனை.)

அப்புறம், வெட்ட ஒரு அனுமதி, ஏற்ற இன்னொரு அனுமதி. பலர் தடுமாறுவது இங்கேதான். தேக்கு, முதிரை போன்றவை உங்கள் வளவில் வளர்ந்திருந்தாலும் வீதிக்கு ஏற்றப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்த மரத்துக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை வன இலாகாவில் கேட்டுவிட்டு வாகனம் பிடியுங்கள். மரம் ஆலையில் இறங்கும்வரை அந்தப் பத்திரம் சாரதியின் கையில் இருக்கட்டும்.