அணையைக் காக்கவும் கூட்டணி வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன் அழகாக வாழ்த்துரை வழங்கிய முன்னாள் துணைவேந்தர் அவர்களே, மீன்வளத் துறை இணை இயக்குநர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மீனவப் பஞ்சாயத்தார்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அரங்கம் தந்த கல்லூரி நிர்வாகத்துக்கு நன்றி.

'மாறும் உலக ஒழுங்கில் ஜனநாயக நாடுகளின் ஒத்துழைப்பு' என்பது தலைப்பு. வணிகம், கடல், சட்டம் என மூன்று பகுதிகளாகப் பேச வேண்டும். கடலிலிருந்து தொடங்குகிறேன். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள்.

குவாட் என்ற நான்கு நாட்டுக் கூட்டமைப்பைப் பற்றி இன்று பேசுகிறோமே, அதன் வேர் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இருக்கிறது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் நிவாரணத்துக்காகக் கைகோத்தன. 2005 ஜனவரி 6 அன்று பணியை ஐ.நா.விடம் ஒப்படைத்துவிட்டுக் குழு கலைந்தது. 2007 பேச்சு, 2017 மறுபிறப்பு, 2021 தலைவர்கள் மாநாடு எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

ஆழிப்பேரலை வந்த அன்று காலை புதுச்சேரிக் கடலோரத்தில் நடந்ததைக் கேளுங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் திறந்து வைத்திருந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நல்லவாட்டிலும் மையம் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் ஏறுகிறது என்றார்கள் வீட்டில். "உடனே வெளியேறுங்கள், ஊரையும் கிளப்புங்கள்" என்றார். மையத்தின் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மக்கள் பிழைத்தார்கள்!

நிலநடுக்கத்துக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சேதி சொல்லத்தான் ஆளில்லை.

இன்று ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ், ஆஸ்திரேலிய மையம், இந்தோனேசிய மையம் ஆகிய மூன்றும் 2011 முதல் இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை தருகின்றன. 2013 மார்ச் வரை ஹவாயிலுள்ள அமெரிக்க ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் ஜப்பான் வானிலை முகமையும் இடைக்காலமாகக் கைகொடுத்தன. இதைவிட நல்ல ஜனநாயக ஒத்துழைப்பை எனக்குக் காட்டுங்கள்.

நிலநடுக்கமானியை மட்டும் நம்பினால் போதாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியது. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அலை உண்டா இல்லையா என்று நடுக்கடலிலேயே சொல்வது கடலடி அழுத்தமானி. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருந்தபடி, மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் உணரும். ஒலியலை வழியே மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியே கரைக்கும் சேதி வரும்.

சிக்கல் மிதவையில்தான். அதன் நிழலில் மீன் கூடும். படகுகள் கயிறு கட்டும். நங்கூரக் கயிறு அறுந்தால் மிதவை போய்விடும். அடியில் கருவி நன்றாக இருந்தாலும் ஊமைதான். மீண்டும் நிறுத்த ஆராய்ச்சிக் கப்பல் வேண்டும், அமைதியான கடல் வேண்டும். இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதலே இயங்கவில்லை என்பது அந்நாட்டின் பாலு நகரை 2018-இல் ஆழிப்பேரலை தாக்கிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. பாலுவில் அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது, மிதவை பெரிதாக உதவியிருக்காது. ஆனாலும் பிற நாடுகள் நன்கொடையாகத் தந்த மிதவைகளும் பராமரிக்கப் பணமின்றிக் கிடந்தன. வெள்ளம் வருமுன் அணை போடு, சரி. போட்ட அணையை யார் காப்பது?

இந்த எச்சரிக்கை அமைப்பை ஒருங்கிணைப்பது யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம். யுனெஸ்கோவிலிருந்து விலகுவதாக அமெரிக்கா 2025 ஜூலையில் அறிவித்தது. உலகம் மாறுகிறது என்பது நம் கரைக்கு இப்படித்தான் வந்து சேருகிறது. 2022 செப்டம்பரில் குவாட் நாடுகள் பேரிடர் உதவி வழிகாட்டுதலில் கையெழுத்திட்டதை வரவேற்கிறேன். அத்துடன் மிதவைகளுக்கென்று ஒரு பொதுப் பராமரிப்பு நிதி, பகிர்ந்துகொள்ளும் உதிரிபாகங்கள், கப்பல் நாட்கள், எல்லா நாட்டுக்கும் உடனுக்குடன் திறந்த தரவு ஆகியவை வேண்டும்.

வணிகத்துக்கும் சட்டத்துக்கும் நேரமில்லை. அடுத்த பேச்சாளர் காத்திருக்கிறார். இவற்றைக் கேட்கும் தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. பஞ்சாயத்தார் கையொப்பமிட்டதும் ஆட்சியர் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் அனுப்புவோம். நன்றி, வணக்கம்.